கையெழுத்துப் போடும் முன்: பினாங்கில் சிறு கடை நடத்துபவர்களுக்கு ஒரு செலவுக் குறைப்பு வழிகாட்டி

ஜார்ஜ்டவுனில் லெபோ பசார் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. ரவிக்கை, சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, பழைய துணியைப் பிரித்துத் தைப்பது இவைதான் வேலை. மூன்று மெஷின், ஓர் ஓவர்லாக், இரண்டு வேலையாட்கள், அப்புறம் நான். கடை திறந்த இரண்டாவது ஆண்டு தீபாவளிக்கு நடுநிசி வரை உட்கார்ந்து தைத்தோம். அப்படித் தைத்தும் அடுத்த ஜனவரியில் வாடகை கொடுக்கப் பணம் இல்லை. வளையலை அடகுக் கடையில் வைத்துத்தான் அந்த மாதத்தைக் கடந்தேன்.

வேலைக்குக் குறைவில்லை, பணம் மட்டும் எங்கே போனது? அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. நூல் கோனில் மிச்சம் பிடித்தேன், வேலையாட்களுக்கு வாங்கும் தேநீரைக்கூடக் குறைத்தேன். ஆனால் பெரிய பணமெல்லாம், நான் என்றோ ஒருநாள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட தாள்கள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. புதிதாகக் கடை வைப்பவர்கள் அந்த ஓராண்டை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் தையல் கடையிலிருந்து வந்தாலும், முடிதிருத்தும் கடை, பூக்கடை, அச்சுக் கடை என்று எதற்கும் படிகள் இவையேதான்.

1. மூன்று மாதத் தாள்களைத் தரையில் பரப்புங்கள்

இரண்டு மாலை நேரங்கள் போதும். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வாடகை ஒப்பந்தம், தெனாகா (மின்சார நிறுவனம்) பில், தண்ணீர் பில், தொலைபேசி, இணைய பில், கார்டு மெஷின் கணக்கு, சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) ரசீதுகள், கடன் அட்டவணை, துணிக்கடை பில்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியலில், கையெழுத்துப் போட்டதால் மாதா மாதம் போகிற பணம். வாடகை, கடன் தவணை, கார்டு மெஷின், இணையம் இவை இங்கே வரும். இரண்டாவது, பயன்படுத்தும் அளவுக்கு ஏற்ப ஏறி இறங்குவது. மின்சாரமும் தண்ணீரும் அதில் சேரும். மூன்றாவது, ஆர்டர் வந்தால் மட்டும் ஆகும் செலவு: லைனிங், நூல், கொக்கி, பைப்பிங். முதல் குவியலில் உள்ள ஒவ்வொரு தாளின் மேலும் சிவப்புப் பேனாவால் ஒரு தேதி எழுதுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதி அல்ல, அதை நிறுத்தக் கடிதம் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி. இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால் நான் இழந்த பணத்தைப் பற்றி ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

என் கடையில் நூல் செலவு மாதம் 140 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அதில் பத்து விழுக்காடு மிச்சம் பிடித்தாலும் 14 வெள்ளிதான். வாடகை 2,200 வெள்ளி. எங்கே கை வைக்க வேண்டும் என்பது தாள்களைப் பரப்பிய பிறகுதான் கண்ணில் பட்டது.

வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் இந்த வேலை நடக்காது. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு திறங்கள். உங்களுக்கும் மாதம் ஒரு தொகையைச் சம்பளம்போல எடுத்து எழுதி வையுங்கள். கல்லாவிலிருந்து பத்து, இருபது என்று எடுப்பதை அன்றோடு நிறுத்துங்கள். சின்னக் கடைகள் பலவற்றில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

2. வாடகை: ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் முன்பே பேசுங்கள்

பெரும்பாலானவர்கள் கடைசி மாதத்தில்தான் பேசுகிறார்கள். அப்போது உங்களுக்கு வேறு இடம் பார்க்க நேரமில்லை என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். மூன்று மாதம் முன்பே பேசினால் நிலைமை வேறு. பேசப் போகும் முன் அதே தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் காலியாக இருக்கும் கடைகளின் வாடகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கு கடை. அந்தத் தாளோடும், தவறாமல் வாடகை கட்டிய வங்கி ரசீதுகளோடும் போங்கள்.

நான் போனபோது தவுக்கே (கட்டடத்தின் உரிமையாளர்) முதலில் 200 வெள்ளி ஏற்றப் போவதாகச் சொன்னார். நான் வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. "மூன்று ஆண்டுக்கு எழுதித் தருகிறேன், மூன்று ஆண்டும் இதே வாடகை, கூரை ஒழுகினால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். கடை காலியாகக் கிடப்பது அவருக்கும் நட்டம்தானே. மூன்று ஆண்டில் 7,200 வெள்ளி மிச்சம். நூலிலும் தேநீரிலும் இதைப் பிடிக்க ஆயுள் போதாது.

ஒப்பந்தத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை சில உண்டு. புதுப்பிக்கும்போது வாடகை "சந்தை விலைப்படி" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது" என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். கூரை, சுவர், குழாய், பழைய மின்கம்பி இவற்றைப் பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கடைவீடுகளில் இது சின்ன விஷயமல்ல. கட்டடத்துக்கான மதிப்பீட்டு வரியை வீட்டுக்காரர் கட்டுவதுதான் வழக்கம். அதை உங்கள் தலையில் வைக்கும் வாசகம் எங்காவது நுழைந்திருக்கிறதா என்று தேடுங்கள். வைப்புத்தொகையாக இரண்டு மாத வாடகையும், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதமோ ஒரு மாதமோ கேட்பார்கள். அது எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம் முத்திரை வரி. ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஒப்பந்தம் ஓராண்டு வரை என்றால் 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை என்றால் 3 வெள்ளி. எனக்கு ஆண்டு வாடகை 26,400. அதை 250-ஆல் வகுத்தால் 105.6, முழுதாக்கினால் 106. அதன் மூன்று மடங்கு 318 வெள்ளி. கவனியுங்கள், இரண்டு ஆண்டுக்கு எழுதினாலும் இதே 318, மூன்று ஆண்டுக்கு எழுதினாலும் இதே 318. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் அபராதம். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. 318 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் வைப்புத்தொகை முழுவதையும் இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்திலேயே இதைக் கட்டலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

வாடகைக்குச் சேவை வரி என்று ஒன்று 2025 ஜூலை 1 முதல் வந்திருக்கிறது. எல்லா வீட்டுக்காரரும் அதை வாங்க முடியாது, சுங்கத் துறையில் அதற்காகப் பதிவு செய்தவர்கள் மட்டுமே வாங்கலாம். ஆண்டு விற்பனை குறைவாக உள்ள சிறு வாடகைதாரர்களுக்கு விலக்கும் உண்டு. பில்லில் அந்த வரி இருந்தால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள், பிறகு உங்கள் விலக்கைக் கேளுங்கள்.

இன்னொரு பொறி, அடுத்தவர் கட்டடத்தில் அலங்காரம் செய்வது. எங்கள் கடை உள்ள லிட்டில் இந்தியா இருப்பது 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமாக அறிவித்த பகுதிக்குள். முகப்பையோ சுவரையோ கூரையையோ மாற்ற மாநகர் மன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்து பிறகு இடித்தால் இரட்டைச் செலவு. போகும்போது கழற்றி எடுத்துப் போகக்கூடிய அலமாரி, மேசை, விளக்கு இவற்றில் மட்டும் பணம் போடுங்கள்.

ஒரு கேள்வியை நேர்மையாக உங்களையே கேளுங்கள்: உங்கள் வாடிக்கையாளர் தெருவில் போகும்போது பார்த்து உள்ளே வருகிறாரா, யாரோ சொல்லித் தேடி வருகிறாரா? தையலுக்குப் பெரும்பாலும் தேடித்தான் வருகிறார்கள். அப்படியானால் கீழ்த்தளத்து முகப்பு உங்களுக்குத் தேவையில்லை. நான் இடத்தைக் காலி செய்யவில்லை, ஆனால் முன்பக்கத்தில் பாதியை வளையல், பொட்டு விற்கும் ஓர் அக்காவுக்கு 600 வெள்ளிக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்வாடகைக்குத் தடை இருக்கும், அதைச் சாக்காக வைத்தே வெளியேற்றலாம். அந்த அக்கா தன் தொழிலுக்குத் தனியாக உரிமம் எடுக்க வேண்டுமா என்பதையும் மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொண்டோம்.

3. மின்சாரம்: மெஷினின் மோட்டாரைப் பாருங்கள்

பழைய தொழிற்சாலைத் தையல் மெஷின்களில் கிளட்ச் மோட்டார் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் அது ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் தைத்தாலும் சரி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாலும் சரி, அது ஓடிக்கொண்டே இருக்கும். அந்த "உம்ம்" என்ற சத்தம்தான் உங்கள் காசு. சர்வோ மோட்டார் மிதியை அழுத்தும்போது மட்டும்தான் ஓடும். ஒரு மோட்டார் 260 வெள்ளி என்று மூன்று மெஷினுக்கும் மாற்றினேன். அதோடு இஸ்திரியை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்காமல் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று மொத்தமாகத் தேய்க்க ஆரம்பித்தோம். ஏர்கோன் வடிகட்டியை மாதம் இருமுறை கழுவி, 25 டிகிரியில் வைத்தோம். 430 வெள்ளி வந்த பில் 310-க்கு இறங்கியது. மோட்டார் போட்ட 780 வெள்ளி ஏழு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. சத்தம் குறைந்ததில் வேலையாட்களுக்கும் தலைவலி போனது.

2025 ஜூலைக்குப் பிறகு தெனாகாவின் கட்டண அமைப்பு மாறியிருக்கிறது. நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்ற திட்டத்தில் வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விலை கூடுதல், மற்ற நேரத்திலும் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் குறைவு. காலை நாலு மணிக்கு இட்லி ஊற்றி மதியத்தோடு கடையை மூடுபவருக்கு இது நல்லது. பகல் இரண்டு மணிக்கு மேல் ஏர்கோன் போட்டு இரவு வரை தைக்கிற எங்களுக்கு நட்டம். யாரோ சேர்ந்தார்கள் என்று நீங்களும் சேர வேண்டாம். உங்கள் கடை எந்த நேரத்தில் கரண்டைத் தின்கிறது என்று ஒரு வாரம் மீட்டரைப் பார்த்து எழுதிவிட்டு முடிவெடுங்கள்.

புதிதாகக் கடை எடுப்பவர்களுக்கு ஒன்று. சாவி வாங்கும் நாளிலேயே மீட்டரைப் படம் எடுங்கள். முந்தைய வாடகைதாரரின் பாக்கி இருந்தால் அது தீராமல் பணம் கொடுக்காதீர்கள்.

4. சம்பளத்தில் கை வைக்காதீர்கள், பிரித்துத் தைப்பதைக் குறையுங்கள்

கஷ்டம் வந்ததும் முதலில் மனம் போவது வேலையாட்கள் பக்கம்தான். எனக்கும் போனது. இரண்டு மாதம் சேமநிதியைத் தள்ளி வைத்தால் என்ன என்று நினைத்தேன். செய்யாதீர்கள். தாமதக் கட்டணமும், அந்தப் பணத்துக்குரிய லாப ஈவும் சேர்ந்து உங்கள் மேல் விழும், வழக்கும் வரலாம். அதைவிட முக்கியம், அது அவர்களுடைய முதுமைக்கான பணம்.

கணக்கு இதுதான். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72 வெள்ளி. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் கடைகளுக்கும் இது பொருந்தும். உருப்படிக் கணக்கில் கூலி கொடுத்தாலும் இதற்குக் குறையக் கூடாது. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி பங்காகச் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து இன்னும் முப்பத்துச் சொச்சம். ஆக ஒருவருக்கு மாதம் 1,950 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். ஆளை எடுக்கும் முன் இந்த 1,950-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள், 1,700-ஐ வைத்து அல்ல. முதல் ஆளை எடுத்த 7 நாளுக்குள் சேமநிதியில் முதலாளியாகப் பதிய வேண்டும், சொக்சோவில் 30 நாளுக்குள். மாதப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

சரி, மிச்சம் எங்கே? எங்கள் கடையில் மாதம் ஏறக்குறைய 30 ரவிக்கைகள் திரும்பி வந்தன. கழுத்து இறங்கிவிட்டது, கை இறுக்கம், கப் சரியில்லை. ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றாலும் 30 மணி நேரம், கூலி மட்டும் ஏறக்குறைய 262 வெள்ளி. அந்த 30 மணி நேரத்தில் பத்துப் புது ரவிக்கை தைத்திருக்கலாம். ஒன்றுக்கு 55 வெள்ளி என்றால் 550 வெள்ளி. இது எந்தப் பில்லிலும் வராத செலவு. அதனால்தான் இரண்டு ஆண்டு கண்ணில் படவே இல்லை.

நாங்கள் செய்த மாற்றம் சின்னதுதான். அளவு எடுக்க ஓர் அட்டை அச்சடித்தோம்: பதினான்கு அளவு, கழுத்துப் படம் முன்னும் பின்னும், லைனிங் உண்டா, கொக்கி முன்னா பின்னா, எத்தனை அங்குலம் உள்ளே விட வேண்டும். கடைசியில் வாடிக்கையாளர் கையெழுத்து. "அளவு ரவிக்கை" கொண்டு வந்தாலும் உடம்பிலும் அளவு எடுப்போம், ஏனென்றால் அந்த ரவிக்கை தைத்தது மூன்று ஆண்டுக்கு முன்பாக இருக்கும். விலை உயர்ந்த பட்டு என்றால் லைனிங்கை மட்டும் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்கிறோம். மூன்று மாதத்தில் திரும்பி வருவது எட்டு, ஒன்பதாகக் குறைந்தது.

அப்புறம் முன்பணம். "அக்கா, தெரிஞ்சவங்கதானே, அப்புறம் தர்றேன்" என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் ரவிக்கைகள் ஒரு காலத்தில் என் அலமாரியில் அறுபதுக்கு மேல் தொங்கின. லைனிங் என் காசு, கூலி என் காசு. இப்போது யாராக இருந்தாலும் பாதி முன்பணம், ரசீதில் வாங்கிப்போக வேண்டிய தேதி. சொந்தக்காரர்களிடம் முதலில் சொல்லக் கூச்சமாக இருந்தது. முன்பணத்தால் முகம் கோணிய உறவு ஒன்றுகூட இல்லை.

5. கார்டு மெஷின், கியூஆர், கடன்

கடை திறந்த வாரத்தில் ஒருவர் வந்து கார்டு மெஷின் போட்டால் வியாபாரம் கூடும் என்றார். மாதம் 58 வெள்ளி, கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம் 36 மாதம் என்பதும், முடிவதற்கு முன் எழுத்தில் சொல்லாவிட்டால் தானாக இன்னும் ஓராண்டு நீளும் என்பதும் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தன. தேதியைத் தவறவிட்டேன். மேலும் 696 வெள்ளி போனது. எங்கள் கடையில் கார்டு நீட்டுபவர்கள் மாதம் எட்டு ஒன்பது பேர்தான். சிவப்புப் பேனாத் தேதியை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

கைப்பேசியால் வருடிப் பணம் அனுப்பும் டுயிட்நவ் கியூஆர் பெரும்பாலான சிறு கடைகளுக்குப் போதும். சில வங்கிகள் சிறு வணிகர்களிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, சில வாங்குகின்றன. கணக்கு திறக்கும் முன் கட்டண அட்டவணையை எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் காட்டும் திரைப் படத்தை நம்பாமல், உங்கள் செயலியில் பணம் வந்ததைப் பார்த்த பிறகு துணியைக் கொடுங்கள்.

கடன் அட்டையில் கடை நடத்தாதீர்கள். அதன் வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை. 8,000 வெள்ளி பாக்கி 18 விழுக்காட்டில் நின்றால் வட்டி மட்டும் மாதம் 120 வெள்ளி. மெஷின் வாங்கவோ சரக்கு வாங்கவோ கடன் வேண்டுமென்றால் தெக்குன் என்ற அரசுக் கடன் அமைப்பின் ஸ்புமி திட்டம் இந்தியச் சிறு தொழில்முனைவோருக்காகவே இருக்கிறது, பெண்களுக்குச் சிறுகடன் தரும் அமானா இக்தியாரிலும் கேட்டுப் பாருங்கள். அடையாள அட்டை நகல், எஸ்.எஸ்.எம். (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு, மாநகர் மன்ற உரிமம், வங்கி அறிக்கை, கடையின் படம் இவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் வைத்திருங்கள். பணம் உடனே வராது. தீபாவளிக்கு வேண்டிய பணத்தைத் தீபாவளிக்கு முந்திய மாதம் கேட்டுப் பயனில்லை. அவசரத்தில் வட்டிக்காரனிடம் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை ஒருபோதும் அழைக்காதீர்கள்.

6. பதிவு, உரிமம், வரி, காப்புறுதி

தனி உரிமையாளராகக் கடைப் பெயரில் எஸ்.எஸ்.எம். பதிவு ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரில் என்றால் 30 வெள்ளி. ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தும் புதுப்பிக்கலாம். இதற்கு 200, 300 வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அலுவலகக் கடிதம்போலவே தோன்றும் நினைவூட்டலும் அனுப்புவார்கள். எஸ்.எஸ்.எம். இணையத்தளத்தில் நீங்களே அரை மணி நேரத்தில் செய்யலாம். காலாவதியாக விட்டால் தண்டம், அதனால் முன்பே செய்யுங்கள்.

"செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) தொடங்குங்கள், வரி மிச்சம்" என்றும் ஒருவர் வருவார். பதிவுக்கு 1,000 வெள்ளி, நிறுவனச் செயலாளருக்கு மாதா மாதம் கட்டணம், ஆண்டறிக்கைக்கு 150 வெள்ளி, கணக்காளர் செலவு தனி. ஒரே கடை, இரண்டு ஆள் என்றால் என் கருத்தில் இப்போதைக்கு வேண்டாம். பெரிய ஒப்பந்தம் எடுக்கும்போதோ கூட்டாளி சேரும்போதோ யோசிக்கலாம்.

மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) மென்பொருள் விற்பவர்களிடமும் கவனம் வேண்டும். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குக் கீழே உள்ள கடைகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது. தேவைப்படுபவர்களுக்கும் வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளம் இலவசம்.

பெயர்ப்பலகைக்கு மாநகர் மன்ற உரிமம் தனி, கட்டணம் பலகையின் அளவைப் பொறுத்தது. மலாய் எழுத்து இல்லாமல், அல்லது தமிழைவிடச் சிறிதாகப் போட்டுப் பலகை செய்தால் மறுபடி செய்ய வேண்டி வரும். வரைபடத்தை மன்றத்தில் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே பலகைக்காரரிடம் கொடுங்கள்.

வருமான வரிக்கு ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெயிலில் மங்கிப்போகும் தாள் ரசீதுகளை அன்றன்றே படம் எடுங்கள். ரசீது இல்லாத செலவைக் கழிக்க முடியாது, கழிக்காத செலவுக்கு வரி கட்டுகிறீர்கள். சிபி500 என்ற வருமான வரித் தவணைக் கடிதம் வந்து, அந்த ஆண்டு வியாபாரம் குறைவாக இருந்தால், ஜூன் 30-க்குள் சிபி502 படிவம் கொடுத்துத் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல் ஓராண்டு தேவையில்லாமல் முழுத் தவணையும் கட்டினேன்.

குறைக்கவே கூடாத ஒன்று தீக் காப்புறுதி. வீட்டுக்காரரின் காப்புறுதி கட்டடத்துக்கு மட்டும்தான். உள்ளே தொங்குவது அடுத்தவர்களின் கல்யாணப் பட்டு. வெள்ளத்துக்கான பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும், சாதாரணத் தீக் காப்புறுதியில் அது வராது. 2017 நவம்பரில் பினாங்கில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் துணிகளும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

7. துணி, நூல் வாங்குவது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளை, கறுப்பு, சந்தனம், மெரூன் லைனிங் மட்டும் கட்டாக வாங்குங்கள், மற்ற நிறங்களை ஆர்டர் வந்த பிறகு மீட்டரில் வாங்குங்கள். பக்கத்துத் தையல் கடைகளோடு சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால் மொத்த விலை கிடைக்கும். நாங்கள் மூன்று கடை சேர்ந்து வாங்குகிறோம். நூலில் மலிவைத் தேடாதீர்கள். மலிவு நூல் அறுந்தால் நாலாவது படியில் சொன்ன கணக்கு மறுபடி தொடங்கும்.

8. எதை எப்போது செய்வது

எங்கள் தொழிலில் ஆடியும் மார்கழியும் மந்தம், கல்யாணம் இருக்காது. அந்த இரண்டு மாதத்தையும் நான் தாள் வேலைக்கென்று வைத்திருக்கிறேன். ஆடியில் மெஷின்களைப் பழுதுபார்ப்பது, லைனிங் மொத்தக் கொள்முதல், தீபாவளிக்குக் கூடுதல் ஆள் பேசி வைப்பது. கடன் வேண்டுமென்றால் விண்ணப்பமும் அப்போதுதான். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்போடு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுகிறேன். அதற்குப் பிறகு எடுத்தவைதான் அதிகம் திரும்பி வந்தன. மார்கழியில் உரிமங்களின் காலாவதித் தேதி, காப்புறுதி, அடுத்த ஆண்டு ஒப்பந்தத் தேதிகள்.

மாதா மாதம் 10-ஆம் தேதி ஒரு மணி நேரம் ஒதுக்கி, சேமநிதி, சொக்சோ கட்டிவிட்டு மூன்று குவியலின் மொத்தத்தை ஒரு நோட்டில் எழுதுகிறேன். போன மாதத்தைவிட 50 வெள்ளி கூடியிருந்தால் அன்றே காரணம் தேடுவேன். அடகு வைத்த வளையலை மூன்றாவது ஆண்டு சித்திரையில் மீட்டேன். உங்கள் வாடகை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று இப்போது சட்டென்று சொல்ல முடியாவிட்டால், முதல் படியைக்கூட நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளை மட்டும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.